முழு விலை கொடுக்கலாமா, மச்சான்?

என் பிரியமான ஜலால் மச்சானுக்கு, சலாம்.

நீ மவுத்தாகி எங்களை விட்டுப் போய் எட்டு மாசம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லாரும் சுகம். என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, இப்போதெல்லாம் போனில் பேசும்போது கொஞ்சம் சிரிக்கிறாள். ரியாத் பத்தா பஜாரில் நாம் ரெண்டு பேரும் போட்ட கடையும் ஓடுகிறது. போன் வியாபாரம் எனக்குத் தெரியும். நீ பார்த்துக்கொண்ட வீடியோ கேம் பக்கம்தான் படாதபாடு படுத்துகிறது.

நீ ரெண்டு தடவை முடித்தாயே, அந்த டிராகன் வேட்டை கேம், அதற்குக் கூடுதல் பாகம் வந்துவிட்டது. எக்ஸ்பான்ஷன் என்கிறார்கள். பழைய கேம் கையில் இருந்தால்தான் இது ஓடுமாம். ஆனால் கேட்பது ஒரு புது கேமின் முழு விலை! இது நியாயமா? நான் யோசிக்காமல் இருபது வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

மறு வெள்ளிக்கிழமையே செல்வம் வந்தார். அறந்தாங்கிக்காரர், கிரேன் ஓட்டுகிறவர். உன்னைக் கேட்காமல் எதையும் வாங்க மாட்டாரே, அவர்தான்.

"பாய், அவ்வளவு காசுக்கு இது தகுமா?"

"சூப்பர்" என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் நீ ஆடிப் பார்க்காமல் எந்தக் கேமையும் நல்லது என்று சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும். "அடுத்த வெள்ளி வாங்க, சொல்றேன்" என்றேன்.

மதியம் கடை சாத்துகிற நேரத்தில் ஒன்றைப் பிரித்து, கடை டிவியில் போட்டு உட்கார்ந்தேன். சிரிக்காதே மச்சான். முதல் நாள் முழுக்க ஒரு பாலத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் தாண்டிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பனித் தீவு. அங்கே ஓர் ஆமை, ஊர் அளவுக்கு! அதன் முதுகில் ஏறியவன், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டுத்தான் இறங்கினேன். ஐம்பது வயது வரை இதையெல்லாம் ஏன் பார்க்காமல் இருந்தேன்?

ஆனால் தீவு சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்புறம் வந்ததெல்லாம் பழைய கோட்டைகள்தான், வேறு பெயிண்ட் அடித்து.

வெள்ளிக்கிழமை செல்வத்திடம் உள்ளதைச் சொன்னேன். "தீவு அருமை. மிச்சம் பழசுதான். பாதி விலைக்கு வரட்டும், பொறுங்க." பக்கத்தில் நின்ற மூன்று பேர் அதைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். செல்வம் போகவில்லை.

"எனக்கு ஒண்ணு குடுங்க பாய்."

"தகாதுன்னு இப்பதானே சொன்னேன்?"

"இதுல ரெண்டு பேர் எங்க இருந்தாலும் நெட்டுல சேர்ந்து ஆடலாமாமே. பழசுல அது இல்ல. ஊர்ல என் பொண்ணு வாங்கிட்டா. எனக்கு லீவுக்கு இன்னும் பதினொரு மாசம் இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் ஆடியும் அந்த ரெண்டாவது ஆளுக்கான வழி என் கண்ணில் படவே இல்லை. தனியாக ஆடினேன் அல்லவா?

வருகிறவர்களிடமெல்லாம் நீ "யாரோட ஆடப்போறீங்க?" என்று கேட்பாய். வெட்டிப்பேச்சு பேசி நேரத்தைப் போக்குகிறாய் என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். விலை தகுமா என்று நீ பார்த்ததே அதை வைத்துத்தானா? அப்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

இன்னும் பதினெட்டு அப்படியே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இனி ஆடிப் பார்க்காமல் எதையும் நல்லது என்று சொல்ல மாட்டேன். யாரோடு என்று கேட்காமல் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உனக்காக துஆ கேட்கும்
உன் மச்சான் காதர்