கேசட்டில் பதிந்த பாட்டு

அன்புள்ள தேவகுமாரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுத வேண்டியவை: 1. என் உடல்நலம். 2. பள்ளிக் கம்ப்யூட்டர். 3. அந்தக் காலோடு நீ ஏற்காடு வர வேண்டாம் என்பது.

பனியில் லேசான இருமல், வேறொன்றுமில்லை.

கம்ப்யூட்டர்தான் படுத்துகிறது. எண்பதுகளில் வகுப்பறைக்கென்று வந்த பெட்டி. பாடத்தைக் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். ஆண்டுவிழாவுக்குள் நான் அதை ஓட வைக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். நேற்று கேசட்டை ஓட்டினால், பிள்ளைகள் பாடுகிறார்கள்!

பாட்டு டீச்சர் ரூபியிடம் கேட்டேன்.

"ஏனுங்க சார், அதுல வெறும் கீச்சுச் சத்தந்தானுங்க வந்துச்சு. கெட்டுப்போன கேசட்டுன்னு எங்க பாட்டைப் பதிஞ்சுட்டனுங்க. நொம்ப நல்லா வந்திருக்குதுங்களா?"

கம்ப்யூட்டருக்கு அந்தக் கீச்சுச் சத்தந்தான் பாடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன மனிதன் நான்!

இனி, பழைய புத்தகத்திலிருந்து பாடத்தின் நிரலை வரிவரியாகத் தட்ட வேண்டும். யாராவது வாசித்தால்தான் என் கண்ணுக்கு முடியும். இங்கே வாசிப்பவர்கள் காற்புள்ளிகளை விழுங்குகிறார்கள். பெட்டி உடனே பிழை என்கிறது. நீ ஒரு புள்ளிகூட விடமாட்டாய்.

கம்பளிக் குல்லாவை எடுத்து வை. அடிவாரத்தில் வந்து நிற்கிறேன். தபாலுக்கு ஆள் காத்திருக்கிறார். மூன்றாவதாக எழுதியது தவறு.

உன்
ஆரோக்கியதாஸ்