பிள்ளையா, புழுங்கலா?

30-1-67, திங்கள்

கல்யாணச் சீர் என்று இரண்டு குடமும் ஒரு அண்டாவும் பேர் வெட்ட வந்தன. கையில் உளி, மனசு மட்டும் மன்றத்துப் பலகையில். எலெக்‌ஷனுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அரிகிருஷ்ணன் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். "தினம் ஒரு படம் வேணும் உத்திராபதி. நாங்க மைக் வச்சு ஒரு மணி நேரம் கத்தறத நீ நாலு கோட்டுல சொல்லிடற."

கட்சி மன்றத்துக்கு அவன் செயலாளர். நான் உறுப்பினர்கூட இல்லை. வாசலில் இருக்கிற கரும்பலகையில் சாக்பீஸ் பிடிக்கிறவன், அவ்வளவுதான். ஒண்ணாம் கிளாஸிலிருந்து கூட்டாளி, அவன் கேட்டு இல்லை என்று சொன்னதில்லை.

இன்றைய படம்: உணவு மந்திரி தலைவாழை இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, வாசலில் நிற்கிறவர்களிடம் "அரிசியைக் குறையுங்கள்" என்கிறார். சுமார்தான். தொப்பை போட்டுவிட்டால் மந்திரி ஆகிவிடுமா? கண்ணில் இருக்கிறது விஷயம். கண் வரவில்லை.

9-2-67, வியாழன்

தை அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க இங்கே செஞ்சியில் இறங்கி ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நிற்கும். அவர்களுக்காகவே காலையில் ஒன்று போட்டேன்.

நம் தேசூர் ரோட்டு செக்போஸ்ட். அந்தப் பக்கம் வட ஆற்காடு, இந்தப் பக்கம் தென் ஆற்காடு. ஜில்லா தாண்டி அரிசி போகக் கூடாது என்று குறுக்கே ஒரு மூங்கில் கழி. படத்தில் கழி பக்கத்தில் மந்திரியே நிற்கிறார். மூட்டையைக் குத்திப் பார்க்கிற குத்தூசி கையில். எதிரே நிறைமாசக்காரி ஒருத்தி. அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்கிறார்: "பிள்ளையா, புழுங்கலா?"

கண் வந்துவிட்டது. சந்தேகமும் பசியும் கலந்த கண்.

சிரிப்பு கடை வரைக்கும் கேட்டது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு கிழவர் படிக்கத் தெரியாமல் பக்கத்து ஆளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு தனியாக நின்று சிரித்தார். அரிகிருஷ்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "இந்த ஒரு படம் போதும்டா. நூறு ஓட்டு."

24-2-67, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். ஊரே தெருவில். என் வீட்டுக்காரி செந்தாமரை என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு வெடி மருந்து வாசனை என்றாள்.

7-3-67, செவ்வாய்

புது மந்திரிகள் பதவி ஏற்றாகிவிட்டது. மாலை போட்ட மாதிரி படம் வேண்டும் என்றான் அரி. போட்டேன். ஒரு மாலையில் எத்தனை பூ. எல்லாப் பூவும் ஒரே மாதிரி. கை வலித்தது.

16-5-67, செவ்வாய்

பட்டணத்தில் நேற்றிலிருந்து ரூபாய்க்கு ஒரு படி அரிசி. பேப்பரில் க்யூ படம். செந்தாமரை பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "நமக்கு எப்போ?" என்றாள். அரியைக் கேட்டேன். "படிப்படியா வரும்" என்றான்.

அவன் வாயிலிருந்தே வந்தது! விடுவேனா? ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டைப் போட்டேன். உச்சியில் ஒரு படி அரிசி. அடிவாரத்தில் காலி பையோடு செஞ்சிக்காரன் அண்ணாந்து பார்க்கிறான். மேலேயிருந்து மந்திரி கூப்பிடுகிறார்: "படிப்படியாக வா!"

அரி பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். அப்புறம் துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் கையாலேயே அழித்தான்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா வேணாம். வந்து ரெண்டு மாசம்தான ஆவுது?"

சரி. ரெண்டு மாசம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

12-6-67, திங்கள்

செக்போஸ்ட்டில் இன்று வள்ளியம்மாளைப் பிடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டைக் கடலை அவித்து விற்கிற வள்ளியம்மாள். கழிக்கு அந்தப் பக்கம் சீயமங்கலத்தில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், அங்கே அரிசி இல்லை. இடுப்பில் துணி கட்டி, அதற்குள் அரிசி வைத்து, மேலே புடவை சுற்றிப் போயிருக்கிறாள். ரோட்டில் நிற்க வைத்து அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் முழுக்கப் பார்த்திருக்கிறது.

அதே கழி. அதே குத்தூசி. மூன்று மாசம் ஆச்சு, ஒருத்தனுக்கும் அந்தக் கழியை எடுக்கத் தோணலை. கூட்டம் கூட்டமாப் போட்டுப் பேசினானுங்களே, இந்தக் கழியப் பத்தித்தானே பேசினானுங்க? நான் வரைஞ்சதும் இதத்தானே?

13-6-67, செவ்வாய்

பழைய படத்தையே திரும்பப் போட்டேன். "பிள்ளையா, புழுங்கலா?" ஒரு எழுத்து மாற்றவில்லை. மந்திரி தோளில் துண்டின் கரையை ஜெயித்த கட்சிக் கரையாக மாற்றினேன். நிறைமாசக்காரிக்குப் பதில் வள்ளியம்மாள் — இடுப்புக் கூடை, எடுப்பான முன்பல் இரண்டு.

கடைக்குத் திரும்பி ஒரு சொம்பில் பேர் பாதி வெட்டுவதற்குள் அழித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. அரி வந்தான். உட்காரவில்லை.

"நம்மள நாமளே கேலி பண்ணிக்கலாமா?"

"பிப்ரவரில இதே படத்துக்குத்தான் தோளப் புடிச்சு உலுக்கின."

"அப்போ அவங்க."

"கழி அதேதான அரி?"

"கழிய எடுத்தா நாளைக்கே நம்ம ஊரு அரிசி பூரா அந்தப் பக்கம் போயிடும். ஆட்சின்னா இதெல்லாம் இருக்குதுடா. உனக்குப் புரியாது."

பிப்ரவரியில் உணவு மந்திரி சொன்னதும் இதுதான். வார்த்தைகூட மாறவில்லை.

14-6-67, புதன்

பலகையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம்.

16-6-67, வெள்ளி

இன்று வள்ளியம்மாள் கடைக்கு வந்தாள். என் பக்கம் நிற்கிறவள் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அரிசி போச்சு, அது போவட்டும். என்னை எதுக்குய்யா சந்தியில நிறுத்தின?"

"உனக்காகத்தான் போட்டேன் வள்ளியம்மா."

"அன்னிக்கு பஸ்ல இருந்தவன் பார்த்தான். நீ போட்டப்புறம் ஊரே பார்க்குது. மல்லாட்டை வாங்க வர்றவன் இடுப்பப் பாத்து, புள்ளையா புழுங்கலான்னு கேக்கறான். என் மருமவன் காதுக்குப் போச்சுன்னா?"

அவள் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தேன்.

பலகை முன்னால் சிரித்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? மந்திரியைத்தானே என்று இத்தனை நாள் இருந்தேன்.

3-7-67, திங்கள்

இருபது நாளாக ஒரு கோடு போடவில்லை. இன்று ஜவுளிக்கடை ராஜகோபால் கூப்பிட்டு அனுப்பினார். தோற்ற கட்சியின் நகரத் தலைவர். காபி வந்தது. "திறமைய அவனுங்க மதிக்கல தம்பி. நம்ம ஆபீஸ் வாசல்ல புதுப் பலகை வைக்கிறேன். எது வேணா போடு."

"செக்போஸ்ட் போடலாமா?"

கொஞ்சம் யோசித்தார். "அத மட்டும் விட்டுடு. அது நம்ம காலத்துல போட்டது."

காபியை முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது செந்தாமரை சிரித்த சிரிப்பு! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தன் துண்டை வரைந்தால் இன்னொருத்தன் பலகை தருவான். கழியை வரைந்தால் ஒருத்தனும் தரமாட்டான்.

19-7-67, புதன்

சீயமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. செந்தாமரையின் அக்கா ரஞ்சிதத்துக்குப் பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை. உடம்பு தேறவில்லை. கேழ்வரகுக் கூழ்தான் ஓடுகிறதாம், குடித்தால் வாந்தி. பழைய புழுங்கல் அரிசி கொஞ்சம் இருந்தால் கஞ்சி வைக்கலாம் என்கிறார்கள்.

செந்தாமரை பானையிலிருந்து எடுத்துப் பையில் கட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம், "அரி அண்ணன் சீட்டு எழுதித் தர்றாராமே. மன்றத்து முத்திரை இருந்தா விட்டுடறாங்களாம்" என்றாள்.

எனக்குத் தெரியாதே. எத்தனை நாளாக நடக்கிறது இது?

"நான் போய்க் கேக்கணுமா?"

"எனக்கு இல்ல. எங்க அக்காவுக்கு."

20-7-67, வியாழன்

கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்தான். "இதுக்குப் போய்த் தயங்கினியா? உனக்கு இல்லாததா?" அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

21-7-67, வெள்ளி

காலை பஸ். பை என் கால்களுக்கு நடுவில். வள்ளியம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. ஏறியவன் நான் நீட்டிய மன்றத்துச் சீட்டைப் பார்த்தான், "மன்றத்து ஆளா? உக்காருங்க" என்று பையைத் தொடக்கூட இல்லை. வள்ளியம்மாளை மட்டும் இறங்கச் சொன்னான். முன்னால் ஒருமுறை பிடிபட்டவள் என்று முகம் தெரியுமாம்.

அவளிடம் ஒன்றுமில்லை. கூடையைக் கவிழ்த்தார்கள், பேரனுக்கு எடுத்த சட்டை ஒன்று விழுந்தது, கொஞ்சம் வெல்லம். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் மண்ணில் குந்தி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த பஸ் மத்தியானம்.

நான் எழுந்திருக்கவில்லை. நிறுத்து என்று சொல்லவில்லை. சொன்னா பைய அவுப்பானோன்னு பயம் — இதுதான் உண்மை, வேற இன்னா எழுதறது? அவ நிமிர்ந்து பார்த்தா. என்னைத்தான் பார்த்தா.

ரஞ்சிதம் கஞ்சி குடித்தாள். வாந்தி இல்லை. குழந்தை சிவப்பாக, சின்னதாக இருக்கிறது.

28-7-67, வெள்ளி

சாக்பீஸை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு வாரம். மந்திரியை வரைந்தால் அது மந்திரி மாதிரி வருவதில்லை.

6-8-67, ஞாயிறு

ஆடி அமாவாசை. பஸ்ஸுக்குப் பஸ் கூட்டம். பலகை இல்லாவிட்டால் என்ன? கடையைத் திறந்ததும் கதவுப் பலகை மூன்றைச் சுவரில் சேர்த்து நிறுத்தி, கரியும் சுண்ணாம்புமாக வரைந்தேன்.

கழி மேலே தூக்கியிருக்கிறது. அடியில் ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து போகிறான். ஒரு கையில் அரிசிப் பை, மறு கையில் குடை மாதிரி விரித்துப் பிடித்த சீட்டு. மந்திரி அவனுக்குக் குனிந்து வழி விடுகிறார். கழிக்கு இந்தப் பக்கம் வரிசையாக ஜனம், யாருக்கும் முகம் போடவில்லை. போகிறவனுக்கு மட்டும் முகம் உண்டு. என் முகம். என் மூக்கு, என் முன்வழுக்கை, காதில் செருகிய உளி. கீழே: "நமக்கு இல்லாததா?"

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. படத்தைப் பார்ப்பதும் கல்லாவில் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பிறகு ஒருவன் ஆரம்பித்தான். அடக்க முடியவில்லை அவர்களால். கடைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காது எரிந்தது. வள்ளியம்மாளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

செந்தாமரை சாப்பாடு கொண்டுவந்தவள் பார்த்துவிட்டுத் தூக்கை டக்கென்று வைத்தாள். "எங்க அக்கா குடிச்ச கஞ்சிய நடுத்தெருவுல ஊத்திட்ட." அதற்கு மேல் பேசவில்லை, இப்போது வரைக்கும்.

7-8-67, திங்கள்

அரி வந்து கத்தினான். "சீட்டுக் கொடுத்தது தப்பா? உன் வீட்டுப் பொம்பளைக்குத்தான கொடுத்தேன்? இப்ப ஜில்லா வரைக்கும் பேசறானுங்க. நன்றின்னு ஒண்ணு இல்ல உனக்கு." படத்தை அழிக்கச் சொல்வான் என்று துணியைத் தயாராக வைத்திருந்தேன். அவன் தொடவில்லை. போய்விட்டான்.

அவன் சொன்னதில் பாதி நியாயம். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

10-8-67, வியாழன்

வள்ளியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தன்னைத் தேடுகிறாள் என்று புரிந்தது.

"நீ அதுல இல்ல வள்ளியம்மா."

"அதான் பாத்தேன்." கூடையைத் தூக்கிக்கொண்டாள். "மூக்க சின்னதாப் போட்டுக்கினயே. நெஜத்துல இதவிடப் பெரிசு."

18-9-67, திங்கள்

செக்போஸ்ட் அப்படியேதான் இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம்: மன்றத்துச் சீட்டு இனிமேல் செல்லாது என்று மேலேயிருந்து உத்தரவு. என் படத்தால் கழி போகவில்லை, சீட்டுதான் போயிற்று. இப்போது எல்லோரையும் இறக்கிவிட்டுச் சோதனை போடுகிறார்கள். இதுக்காடா வரைஞ்சோம்?

செந்தாமரை பேசுகிறாள், சாம்பார் போதுமா என்கிற அளவுக்கு.

கடை மூடுகிற நேரத்தில் அரி வந்தான். ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது இந்தப் படி ஏறி. வியர்த்து, சட்டையெல்லாம் மண். காலையில் அவன் அம்மாவுக்குக் கொண்டுபோன அரிசியைப் பிடுங்கிவிட்டார்களாம். செயலாளர் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். "எல்லாருந்தான் சொல்றாங்க" என்றானாம் செக்போஸ்ட்காரன்.

ஸ்டூலை நகர்த்தினேன். உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். சுவரோரம் சாத்தியிருந்த பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இன்னா போடப் போற?"

"தெரியல."

"செக்போஸ்ட்டையே போடு." எழுந்து துண்டை உதறினான். "என்னையும் அதுல நிக்க வை."

அவன் தாடை வரைவதற்குக் கஷ்டமான தாடை. இப்போதே இரண்டு தாளில் போட்டுப் பார்த்தேன். இன்னும் வரவில்லை.