கடலோர விடுதியின் ஒரே மேஜை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேர்த்தியில்லை, குளிர் ஆரம்பித்ததிலிருந்து படியேறும்போதெல்லாம் அது தனியாக ஓர் அபிப்பிராயம் சொல்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் அப்படி ஆகிவிடு. கீழ்வீட்டுக்காரர் தன் சைக்கிளை மறுபடியும் நம் மாடிப்படிக்கு அடியில் நிறுத்துகிறார், நானும் மறுபடியும் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். சமையலறை ஜன்னல் இடுக்கில் அம்மா பழைய துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறாள், ஆனாலும் காற்று ஊசி மாதிரி உள்ளே வருகிறது. இதெல்லாம் இருக்கட்டும், நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் கடற்கரைப் பயணம் உறுதி. நடுவில் அது கவிழப் பார்த்தது. எப்படிக் கவிழப் பார்த்தது, எப்படி நிமிர்ந்தது என்பதைச் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன், போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள்.

உனக்கு வருஷக் கடைசியில்தான் லீவு, அதுவும் வீடு வரை வந்து போகக் காணாது, ஆகையால் நடுவழியில் இருக்கும் அந்த ஊரில் சந்திக்கலாம் என்று நீ சொன்னபோது, குளிர்காலத்தில் யாராவது கடலுக்குப் போவார்களா என்று அம்மா கேட்டாள். நான் உடனே சரி என்றேன். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமா குடும்பத்தோடு கோடையில் அங்கே போனோமே, நினைவிருக்கிறதா? விடியும் முன்பே என்னை அனுப்பி மணலில் இடம் பிடிக்கச் சொன்னீர்கள், நான் துண்டை விரித்துவிட்டு உங்களைக் கூப்பிட வந்து திரும்புவதற்குள், என் துண்டின் மேலேயே ஒரு குடும்பம் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. இப்போது போனால் மணல் முழுக்க நம்முடையது. பனி விழாதாம், மத்தியானத்தில் ஒரு ஸ்வெட்டரோடு கடலோரம் நடக்கலாமாம், ஐஸ்கிரீம் கடை, ராட்டினம், வாடகைக் குடை எல்லாவற்றையும் பூட்டிப் போட்டிருப்பார்களாம். ஆள் இல்லாத கடல், எனக்கென்றே செய்த மாதிரி. லீவு கேட்டு ஆபீசில் என் மேலதிகாரி தலையாட்டியின் அறைக்குப் போனேன். குடிநீர்க் குழாய் வரைபடத்தில் எந்தப் பக்கம் வடக்கு என்று என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் அதே தலையாட்டிதான். "எங்க சார் இந்தக் குளிர்ல?" என்றார். உங்களைப் போன்றவர்கள் இல்லாத இடத்துக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது, கடலுக்கு என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தத் தலை ஒரு காரியத்துக்காவது உபயோகப்பட்டது.

குளிர்காலத்தில் அந்த ஊரில் ஒரே ஒரு விடுதிதான் திறந்திருக்கும். அதை நடத்தும் அம்மாளுக்கு ஒரு வழக்கம், மேல் மாடிகளைப் பூட்டி, மேஜை நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திவிட்டு, கடலைப் பார்த்த கீழ்த்தள அறைகளுக்கு மட்டும் கணப்புப் போடுவாளாம். யார் வந்தாலும் ஒரே மேஜையில்தான் சாப்பாடு. "தனி மேஜை வேணும்னா வெயில் காலத்துல வாங்க சார், அப்ப நாற்பது மேஜை போடறேன், உக்காரத்தான் இடம் இருக்காது" என்று நான் அறை கேட்டுப் போன் போட்டபோது சொன்னாள். அதனாலேயே மேஜையில் கூட யார் உட்காரப் போகிறார்கள் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவாளாம், ஒருமுறை விவாகரத்தான புருஷனும் பெண்டாட்டியும் தெரியாமல் வந்து சூப் கிண்ணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சந்தித்துவிட்டார்களாம், அன்றைக்கு உடைந்துபோன தட்டுகளுக்கு இணையான தட்டு இன்னும் கிடைக்கவில்லையாம். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாள். கடற்பறவை பார்க்க வருகிற ஒரு பெரியவர், காலைத் தேநீர் குடிக்கும்வரை யாரோடும் பேசமாட்டார், நல்லது, ஒத்துப்போவோம் என்று நினைத்தேன். "அப்புறம் உங்க ஊர்லேருந்தே ஒரு பல் டாக்டரும் அவர் சம்சாரமும், ரொம்ப ஜாலியான மனுஷன் சார், அவர் சிரிச்சா ஜன்னல் கண்ணாடியே அதிருது" என்றாள். எனக்கு அதற்குமேல் விலாசம் தேவைப்படவில்லை. கோடையில் ஐஸ்கிரீம் தின்று பல் கூசி வருகிறவர்கள்தான் உன் மாமாவின் பிழைப்பு, குளிர்காலத்தில்தான் அவனுக்கு ஓய்வு, அந்தப் பழைய ஊர் அவனுக்கும் பிடித்துப்போய் வருஷா வருஷம் போகிறானாம். இது உன் வேலைதானே என்று அம்மாவைக் கேட்டேன். "நான் செஞ்சிருந்தா ரெண்டு ரூமையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லியிருப்பேன், அவ ஒண்ண இந்தக் கோடியிலயும் ஒண்ண அந்தக் கோடியிலயும் குடுத்திருக்கா" என்றாள்.

பல் கதை உனக்குத் தெரியும், ஆனால் அம்மா சொன்ன மாதிரிதான் தெரியும், நடந்ததைக் கேள். எனக்கு வலித்தது மேல் வரிசையில் கடைசிப் பல். உன் மாமா என்னைச் சாய்த்து, வாயைப் பிளக்க வைத்து, தன் புதுக் காரின் பெருமையைப் பேசிக்கொண்டே பிடுங்கியது அதற்குப் பக்கத்துப் பல். கேட்டதற்கு, "ரெண்டுமே கெட்டதுதான் அத்தான், வரிசையா வர்றேன்" என்று சிரித்தான். அது நல்ல பல், இன்றைக்கும் சொல்வேன், நல்ல பல். அதையாவது பொறுத்திருப்பேன், நீ பட்டம் வாங்கிய விருந்தில் என் வாய், என் கண், நான் நாற்காலியைப் பிடித்தது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் நடித்துக் காட்டினானே, தலையாட்டியும் அங்கே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, பதவி உயர்வு எனக்கு இல்லை என்று தெரிந்த அதே வாரம். அன்றோடு பேச்சை விட்டேன். ஒன்பது வருஷமாக உன் அம்மா தம்பியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் பையோடு திரும்பி வருவாள், பை ஏன் வெறும் பையாக இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை.

அவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து நான் மெல்ல மாட்டேன், பயணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், சண்டையில் எனக்குப் பழக்கம் உண்டு. கட்டிலில் திறந்து வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நீல சால்வை, வெந்நீர்ப் பை, உனக்குப் பின்னிய காலுறை. காலுறையை மட்டும் உள்ளே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷக் கடைசி வரை உன்னைப் பார்க்க முடியாது என்று எனக்கு மட்டும் தெரியாதா, தெரியும், இருந்தாலும் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது. இரண்டு நாள் வீட்டில் ஸ்பூன் விழும் சத்தம்தான். மூன்றாம் நாள் விடுதிக்காரம்மாள் மறுபடி கூப்பிட்டாள். "அந்தப் பல் டாக்டர் வரலையாம் சார். அக்கா பொண்ணு ரொம்ப நாள் கழிச்சு வருது, அவங்க நிம்மதியா இருக்கட்டும், நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார். பெரிய மனசு சார், பெரிய மனசு" என்று இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் பல்லைக் கொண்டுபோனான், இப்போது பெருந்தன்மையையும் அவனே கொண்டுபோகப் பார்க்கிறான். அவன் வராமல் இருந்தால் நாம் கடலைப் பார்க்கிற ஒவ்வொரு வேளையும் என் தம்பி விட்டுக்கொடுத்த இடம் என்றுதானே அம்மா பார்ப்பாள்? அந்தப் பேரை அவனுக்கு வாங்கிக் கொடுக்கவா நான் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன்? நேராக அவன் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டேன். எடுத்த பெண் "எங்க சார் வலி?" என்று கேட்டாள், "உங்க டாக்டர்தாம்மா வலி, கூப்பிடு" என்றேன். அவன் வந்ததும், "நீ வந்தே ஆகணும், வராம இருந்து நல்ல பேர் வாங்கலாம்னு பாக்காதே" என்றேன். யாரையோ வாய் கொப்பளிக்கச் சொல்லும் குரல் கேட்டது. அப்புறம், "அத்தான், நீங்களா? காத்து போற மாதிரி பேசறீங்களே, அந்த இடத்த இன்னும் ஓட்டையாவா விட்டு வச்சிருக்கீங்க?" என்றான். "யார் கைய நம்பி அடைக்கச் சொல்றே?" என்றேன். சிரித்தான் பார், அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, ஆனாலும் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேனே தவிர கீழே வைக்கவில்லை. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அந்தக் கதையை மேஜையில் எடுக்கக் கூடாது என்றேன், "எடுக்க மாட்டேன் அத்தான், எடுத்துப் பட்டது போதும்" என்றான். தனக்கு எதிரில் மட்டும் நான் உட்காரவேண்டாம், யார் மென்றாலும் வாயையே பார்ப்பது தன் தொழில் புத்தி என்று அவனே சொன்னான். போனை வைத்தபோது என் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, அம்மா கேட்காமலேயே வேறு போட்டுக் கொண்டுவந்தாள், சர்க்கரை கூடுதலாக.

இப்போது பெட்டி மறுபடி நிறைந்துவிட்டது, மூட நான் மேலே உட்கார வேண்டியிருக்கிறது. நேற்று அம்மா, "தம்பி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கீழ்வீட்டுக்காரருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும்போது பை நிறையக் காய்கறி. கடலைப் பார்த்த மூலை அறை உனக்கு, ஜன்னல் இரண்டு பக்கம். கனமான கோட்டைத் தூக்கிக்கொண்டு வராதே, ஸ்வெட்டர் போதும், ஈரத்தில் நடக்க ஒரு ஜோடி செருப்பு கூடுதலாக எடுத்துக்கொள். மணலில் விரிக்க நான் துண்டு கொண்டுவருகிறேன், யார் வந்து உட்காருகிறார்கள் என்று இந்த முறை பார்க்கலாம். ரயில் மாறும் இடத்தில் ஜன்னலோரம் கிடைக்கவில்லையென்றால் சண்டை போடாதே, அந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று அம்மா என்னைப் பார்ப்பாள்.

எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், உடம்பு குளிராமல், மனசு மட்டும் குளிர்ந்திரு. வந்து சேர்ந்ததும் யார் யாரை முதலில் பார்த்தோம் என்று கணக்குப் பார்க்காமல் ஓடி வா. அம்மா தன் ஆசியைத் தனியாகச் சொல்லச் சொன்னாள், இதோடு சேர்த்துக்கொள்.

வழிமேல் விழி வைத்திருக்கும்,
அப்பா

பின்குறிப்பு: கீழ் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் சில நாளாக விண்விண் என்று தெறிக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அந்த ஊர்ப் பல் வைத்தியர் குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாராம், விடுதிக்காரம்மாளிடம் விசாரித்துவிட்டேன். ஆகையால் மாமாவிடம் பேசும்போது, அவனுடைய கருவிப் பெட்டியைக் கையோடு எடுத்துவரச் சொல், நான் சொன்னேன் என்று வேண்டாம், உனக்காகக் கேட்பதுபோலச் சொல். எந்தப் பல் என்று இந்த முறை நானே விரலை வைத்துக் காட்டுவேன், அவன் பிடுங்கி முடிக்கும்வரை நீ பக்கத்தில் சாட்சியாக நிற்க வேண்டும்.