கடித்தால்தான் வரும் போன்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம், உன் மகனிடம் கடிபட்ட பிள்ளைகளும் நலம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமென்றால் வாண்டு பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பிள்ளை ஏன் கடிக்கிறான், வீட்டில் என்ன காரணம் என்று கேட்டு அவன் டீச்சர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். இன்னொரு தடவை கடித்தால் பள்ளியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம், அப்புறம் மருமகள் மருந்துக்கடை வேலையை விட வேண்டியதுதான். தாய் வீட்டில் இல்லாததே காரணம் என்று நான் எழுதினேன். மருமகள் அதை அடித்துவிட்டு, மாமா நாள் பூராவும் டிவியில் ஆட்கள் சண்டை போடுவதைப் பார்ப்பதே காரணம் என்று எழுதினாள். உன் அம்மா பேனாவைப் பிடுங்கி, தாத்தா வழி ரத்தம் என்று ஒரே வரியில் முடித்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், வாண்டு காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய்விட்டான். வீட்டில் அமைதியான சூழல் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று டிக் அடித்து அனுப்பினோம்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, கடிச்சா வீட்டுல என்ன செய்வீங்க என்று மட்டும் கேட்டார். பட்டறையில் நாற்பது பேரைக் கட்டி மேய்த்தவன் இல்லையா, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன், அடிக்கிற பழக்கமெல்லாம் நம்ம வீட்டுல கிடையாதும்மா, உடனே அவங்கப்பனுக்குப் போன் போட்டு பத்து நிமிஷம் கண்டிக்க வைப்போம் என்று. கடிக்காத நாள்ல என்றார். அன்னைக்கு எதுக்கும்மா, அவனுக்கு அங்க ஆயிரம் வேலை என்றேன். அவர் பார்த்த பார்வையில் எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் ஒத்துக்கொள்ளாமல் வீறாப்பாக வந்துவிட்டேன்.

நேற்று வாண்டு ஒருத்தரையும் கடிக்காமல் வந்தான். போனை எடுத்து வந்து என் மடியில் வைத்து, அப்பாவக் கூப்பிடு தாத்தா என்றான். உனக்குப் போட்டேன், நீ எடுக்கவில்லை. கடிச்சிட்டானா என்று ஒரு வரி அனுப்பினாய், இல்லை என்றேன், அப்ப ஞாயித்துக்கிழமை பேசறேன் என்றாய். அதை அவனிடம் சொன்னேன். சரி தாத்தா, நாளைக்குக் கடிச்சிட்டு வர்றேன் என்று விளையாடப் போய்விட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் அம்மாவிடம் சொல்லாதே. இன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி அவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன், நாளைக்கும் அதே பொய் செல்லாது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நீ நன்றாக இருக்க வேண்டும். மணி நாலாகிறது, அவன் இன்னும் யாரையும் கடிக்கவில்லை. கூப்பிடு.

இப்படிக்கு,
அவனைத் திட்டுவதற்கு மட்டும் உன்னைக் கூப்பிட்டுப் பழக்கிய
அப்பா