சோறு என்றால் வலப்பக்கம்

என் ஆசை அப்பா,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் செய்தி. எங்கள் தாரணி இப்போது முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக இறங்குகிறாள்! ஆட்டம் தொடங்க முன்னர் மண்டபத்து விளக்கை அணைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்களே, அதில் அவள் பெயரும் வருகிறது. அறிவிப்பாளர் இன்னும் "டாராணி" என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த "டாராணி"யைக் கேட்டதும் சனம் எழும்பி நின்று கை தட்டுகிறது அப்பா.

நீங்கள் எங்களை விட்டுப் போகும்போது அவள் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கின் கடைசி ஆள். ஜெர்மனியின் முதற்பிரிவில் ஆடும் பெண்கள் கூடைப்பந்து அணியில் எங்கள் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்ததே பெரிய விசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் மட்டும் சமாதானமாகவில்லை. ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து நிமிடம் இறக்குவார்கள். இறக்கினாலும் மூலையில் நிற்க வேண்டும். யாராவது பந்தைத் தந்தால் தூரத்திலிருந்து எறிய வேண்டும், தராவிட்டால் திரும்பி ஓட வேண்டும். எந்த ஊர் மண்டபமானாலும் எசன் நகரத்து வீட்டிலிருந்து ரயிலேறிப் போவீர்கள். குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கைகட்டி இருந்து பார்ப்பீர்கள். திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒரே கேள்விதான். "நல்லாத்தானே எறியிறாள். பிறகேன் தம்பி பிள்ளையை இருத்தி வைச்சிருக்கினம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும் அப்பா. அதையும் இன்றைக்கு எழுதத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

போன நவம்பரில் லேனாவுக்கு முழங்கால் போய்விட்டது. லேனாவை நினைவிருக்கிறதா? பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே வந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்திக் கத்திச் சொல்வாளே, அந்தக் கட்டையான பெண். அணியை நடத்துகிறவளே அவள்தான். சத்திரசிகிச்சை செய்தார்கள், இந்தப் பருவத்தில் இனி ஆட முடியாது என்றார்கள். அடுத்த நாளே பயிற்சியாளர் கத்ரின் தாரணியைக் கூப்பிட்டு, "இனிப் பந்தைக் கொண்டுபோகிறவள் நீ" என்று சொல்லிவிட்டார். வேறு ஆளில்லை. அணியோ பட்டியலின் அடியில் கிடக்கிறது. பருவம் முடிய தாரணியின் ஒப்பந்தமும் முடிகிறது. அவள் ஏற்கெனவே மனம் விட்டுப்போய், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தொழில் பழகும் அவுஸ்பில்டுங்குக்கு விண்ணப்பம் எழுதி, பிழை திருத்தச் சொல்லி என்னிடம் தந்திருந்தாள்.

அந்த முதல் ஆட்டத்தை நீங்கள் பார்க்காதது நல்லது. குனிந்த தலை நிமிரவில்லை. அவள் வலக்கையால் மட்டுந்தான் தட்டிக்கொண்டு வருவாள் என்பதை எதிரணி ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்து வலப்பக்கத்தை மறித்தது. பந்து பறிபோனது. திரும்பவும் பறிபோனது. கெய்லா என்று ஓர் அமெரிக்கப் பெண் இப்போது எங்கள் அணியில் இருக்கிறாள், ஆறடிக்கு மேல் உயரம். அவள் கூடைக்குக் கீழே கைகளை விரித்துக்கொண்டு தனியே நிற்கிறாள். தாரணி அவளைப் பார்க்கிறாள், சத்தியமாகப் பார்க்கிறாள், நான் கண்டேன். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. படுதோல்வி.

அன்றைக்குத்தான் அம்மாவும் முதன்முதலாக வந்திருந்தார். "பிள்ளை இடிபட்டு விழுறதை என்னாலை பாக்க ஏலாது" என்று உங்கள் காலத்தில் ஒரு நாளும் வராதவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தனியே இருக்கத்தான் அவரால் முடியவில்லை.  

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுத் தாரணியை அவளது இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில், "அண்ணா, அந்த விண்ணப்பத்தை நாளைக்கு அனுப்பிவிடப்போறன்" என்றாள். "என்னாலை ஏலாது. நான் மூலையிலை நிக்கிற ஆள்தான்."

காரை ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். அங்கே அவளிடம் சொன்னதை இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு ஆட்டம் முடிந்து நீங்கள் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கத்ரினிடம் போனீர்களே, ஞாபகமா? "ஏன் பிள்ளையை விடேல்லை எண்டு கேள் தம்பி" என்றீர்கள். உங்கள் அரைகுறை டொச்சு மொழியில் நீங்களே கேட்டிருக்கலாம். ஆனால் மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று என்னிடம் விட்டீர்கள். நான் கேட்டேன். கத்ரின் உங்களுக்குப் பிடிபடாத வேகத்தில் நீளமாகப் பதில் சொன்னார். நான் உங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா ஆடுறாளாம் அப்பா. கொஞ்சம் பொறுக்கட்டாம்."

கத்ரின் சொன்னது அதுவல்ல. "அவளுக்கு நல்ல கை. கண் அதைவிட நல்லது. நடக்கப்போவதை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிடுகிறாள். ஆனால் பார்த்ததைச் சொல்கிறாளில்லை. அவள் வாய் திறக்கும் நாளில் நான் அவளை உட்கார வைக்கமாட்டேன். இந்தப் பிள்ளை ஏன் பேசுவதில்லை?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

நான் ஏன் அதை உங்களுக்குச் சொல்லவில்லை? "என்னைப் போலை வந்திட்டாள்" என்று நீங்கள் உங்களையே நோவீர்கள் என்று நினைத்தேன். வீட்டில் உங்கள் பேசாத வாய் அவளுக்கு, அம்மாவின் வாய் எனக்கு. அது பாதிக் காரணம். மற்றப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாலர் பாடசாலையில் அவளிடம் பெயர் கேட்டால் நான் சொல்வேன். வைத்தியர் எங்கே நோகிறது என்று கேட்டால் நான் சொல்வேன். அவளுடைய வாயாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது அப்பா. பிடித்தும் இருந்தது.

தாரணி எல்லாவற்றையும் கேட்டாள்.

"நாலு வருசமா உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"'பேசுங்கோ, பேசுங்கோ' எண்டு கத்ரின் எல்லாரையும்தான் சொல்லுறவ. எனக்கு அது மட்டுந்தான் குறை எண்டு எனக்குத் தெரியாது அண்ணா. எறியிறது காணாது எண்டு நினைச்சு நாலு வருசமா எறிஞ்சு எறிஞ்சு பழகினன்!"

இறங்கிக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். பெற்றோல் நிலையத்தை மூன்று தரம் சுற்றி நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. பிறகு கதவைத் திறந்து உட்கார்ந்து, முன்னால் பார்த்தபடியே, "கண் நல்ல கண் எண்டு உண்மையாவே சொன்னவவோ?" என்று கேட்டாள். விண்ணப்பம் போகவில்லை.

பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் ஒரு பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தை ஞாயிறு காலைகளில் இரண்டு மணித்தியாலம் அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வலக்கையை இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு இடக்கையால் மட்டும் பந்தைத் தட்டினாள். டிராம் ஓட்டி ஓட்டி வயிறு வைத்த நான் எதிரணி. அம்மா ஒரு கதிரையில் நடுவர். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று என் போனில் பிடித்து வைத்திருந்த தவிலை ஒலிபெருக்கியில் முழுச் சத்தத்தில் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு மேலாக அவள் சொல்வது அம்மாவுக்குக் கேட்க வேண்டும், அதுதான் விதி.

முதல் ஞாயிறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறு கொஞ்சம். மூன்றாம் ஞாயிறு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழும்பி நின்று, "எடி பிள்ளை, குனியாதை! சோத்துக்கைப் பக்கம் அண்ணன் வாறான், பார்!" என்று கத்தினார். தாரணிக்குக் கோபம். "எனக்குத் தெரியும்!" என்று திருப்பிக் கத்தினாள். தவிலுக்கு மேலாலே கேட்டது!  பிறகு அம்மா மெல்ல உட்கார்ந்து, "இப்ப கேட்டது" என்றார்.

அதற்குப் பிறகு அவள் தமிழில் கத்தத் தொடங்கினாள். டொச்சில் வராத சத்தம் தமிழில் வந்தது. ஏனென்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?

இனித்தான் பகிடி. அடுத்த ஆட்டத்தில், இறுக்கமான நேரத்தில், தன்னை மறந்து கெய்லாவைப் பார்த்து "சோத்துக்கை!" என்று கத்திவிட்டாள். கெய்லா வாயைப் பிளந்தபடி நிற்க, பந்து வெளியே போய்விட்டது. கத்ரின் உடனே இடைவேளை கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது, "அது என்ன மொழி?" தமிழ் என்றாள். "வலப்பக்கம் என்று அர்த்தம். சோறு சாப்பிடும் கை." கத்ரின் பேனாவை எடுத்தார். "இதை இந்த நாட்டில் வேறு எந்த அணிக்கும் விளங்காதே. இன்னும் என்ன சொற்கள் வைத்திருக்கிறாய்?"

அப்பா, அடுத்த கிழமைப் பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் "இடம்", "நில்", "ஓடு" என்று பாடமாக்கினார்கள். சோத்துக்கை நாக்கில் நிற்கவில்லை, அதைச் "சோறு" என்று சுருக்கிவிட்டார்கள். ஆறடிக்கு மேல் உயர்ந்த அமெரிக்கப் பெண் ஒருத்தி மண்டபம் அதிர "சோறு! சோறு!" என்று கத்திக்கொண்டு ஓடுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

பிள்ளை மாறிவிட்டாள். ஒரே நாளில் இல்லை. ஜனவரியில் இன்னும் பந்தைப் பறிகொடுத்தாள், ஆனால் பறிகொடுத்த கையோடு, "என் பிழை, திரும்பி ஓடுங்கள்" என்று கத்தினாள். பெப்ரவரியில் இடக்கை தானாகப் போகத் தொடங்கியது. முன்பு தனக்குப் பந்து வருமா என்று காத்து நின்றவள், இப்போது யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறாள். அவள் கொடுத்துக் கெய்லா போட்ட கூடைகளை எண்ண முடியாது. கடைசி வாரங்களில் கிட்டத்தட்ட ஆட்டம் முழுவதும் அவள்தான். வியர்வையில் குளித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வெளியே வரச் சொன்னாலும் வரமாட்டேன் என்கிறாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மண்டபத்தில். வென்றால் முதற்பிரிவிலேயே நிற்போம், தோற்றால் கீழே இறக்கம். லேனாவும் ஊன்றுகோலோடு வந்து வாங்கில் இருந்தாள். மூன்றாம் கால்பகுதிவரை நாங்கள்தான் முன்னால். பிறகு ஏதோ பிழைத்தது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். என் கையைப் பிடித்து, "தம்பி, அந்த மஞ்சள் தலைமயிர்க்காரிக்கு விளங்கீட்டுது. இவள் சோறு எண்டு சொன்ன உடனை அவள் அங்கை போய் நிக்கிறாள்" என்றார். உண்மைதான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து கேட்டுக் கேட்டு எதிரணிப் பெண் பாடமாக்கிவிட்டாள்.

கடைசிச் சில விநாடிகள். ஒரு புள்ளியால் பின்னால் நிற்கிறோம். பந்து எங்களிடம். கத்ரின் இடைவேளை எடுத்தார், எழுதும் பலகையைக் கையில் எடுத்தார், பிறகு அதைத் தாரணியிடம் நீட்டினார். அப்பா, அதை நான் உயிரோடிருக்கும்வரை மறக்கமாட்டேன். எங்கள் தாரணி பலகையில் கோடு கீறிக் கீறிப் பேசுகிறாள். பயிற்சியாளர் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். தலை நிமிர்ந்திருந்தது. மண்டபத்துக் கூரைக்குக் கேட்கும்படி "சோறு!" என்று கத்தினாள். மஞ்சள் தலைமயிர்க்காரி வலப்பக்கம் பாய்ந்தாள். தாரணி பந்தை இடக்கைக்கு மாற்றி, வெறுமையாகக் கிடந்த இடப்பக்கத்தால் உள்ளே போய்விட்டாள்! இரண்டு பேர் அவளை மறிக்க ஓடி வர, அவர்களுக்கிடையால் பந்தை நழுவ விட்டாள். கெய்லாவின் கையில் பந்து. கூடைக்குள் பந்து. மணி அடித்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா முன்வரிசைக் கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "பொய் சொல்லிப்போட்டாள்! என்ரை பிள்ளை எவ்வளவு வடிவாப் பொய் சொன்னவள்!" என்று பக்கத்திலிருந்த ஜெர்மன்காரியைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பெண்ணும் ஒன்றும் விளங்காமலே அழுதாள்.

மறுநாள் தாரணி வீட்டுக்கு வந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம். லேனா குணமாகி வந்தாலும் பந்து தாரணியின் கையில்தானாம், லேனா பக்கத்தில் ஆடுவாளாம். அதை லேனாவே கேட்டுக்கொண்டாளாம். இவ்வளவையும் அவள் ஒரு கடிதவுறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அம்மா அதை வாசிக்கச் சொன்னார். நான் வாய் திறக்கப் போனேன். தாரணி கையைக் காட்டி என்னை நிறுத்தி, அந்தக் கரகரத்த குரலில் தானே வாசித்தாள்.

அப்பா, அன்று நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த ஆட்டங்களை நீங்களும் பார்த்திருப்பீர்களோ?  மன்னியுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். வரும் பருவத்தில் எந்த ஊரில் அவள் ஆடினாலும் விடுமுறை எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். உங்களைப் போலக் கைகட்டி இருக்க எனக்கு வராது. தொண்டை கிழிய அவளுக்காகக் கத்துவேன். அவளுக்குப் பதிலாக இனி ஒரு நாளும் பேசமாட்டேன்.

உங்கள் மூத்தவன்,
தாரணியின் அண்ணன்,
குமரன்