மாலையில் விழிக்கும் கணினி

ஜூன் 3

அன்புள்ள கண்ணு,

இங்கே என் முட்டியைத் தவிர எல்லாரும் சுகம். முட்டிக்கு மட்டும் என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. உனக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டதா? போனில் கேட்டால் "ம், பரவால்ல அத்தை" என்று முடித்துவிடுகிறாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் உன்னைக் காகிதத்தில் பிடிக்கிறேன்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். டியூஷன் சென்டரில் என்னை மறுபடி கூப்பிடுகிறார்கள். அங்கே போக வேண்டியதில்லையாம். வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரலாமாம், சாயங்கால வகுப்பு. ஆனால் வீட்டில் இருக்கும் கணினியில் படம் ஓடுவதற்குள் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குத் தேறிவிடுவார்கள். புதிதாக ஒன்று வேண்டும்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும். சட்டைப் பையில் பேனா வைக்காமல் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பாரே, உன் வீட்டுக்காரன்கூட அவரை 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடுவான். அவர் வந்து பார்த்தார். "டீச்சர், பேசாம ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுங்க. பெட்டியப் பிரிச்சீங்களா, ஒயரச் சொருகினீங்களா, வேலை முடிஞ்சுது" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது அவன், என் மகன், ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, இந்தக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பூட்டியது. அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நீதான். இதே பெட்டியை, இதே போர்டை வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் மாற்றி அசெம்பிள் செய்ய முடியாதா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது, நீ போனதும் போனில் சொன்னேனே, அதுதான். சிரிக்காதே. தினமும் சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரத்துக்கு அது தானாக விழித்துக்கொள்கிறது. முதலில் ஒரு 'பீப்'. பிறகு காற்றாடிச் சத்தம். அப்புறம் கூடத்து மூலையில் அந்த நீல வெளிச்சம். நான் எங்கே இருந்தாலும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். ஸ்க்ரூவிடம் கேட்டேன். "அது செட்டிங் டீச்சர். யாரோ டைம் வச்சிருக்காங்க" என்றார். யாரோ என்ன யாரோ? போவதற்கு முன்னால் அம்மாவுக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இப்போது கொஞ்ச நாளாகத் தாமதமாக வருகிறான். நேற்று இருட்டியே விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுது.

உன் அத்தை


ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

குளிர் பழகிவிட்டது. காதுதான் இன்னும் பழகவில்லை. தொப்பி போடாமல் வெளியே வந்தால் உதிர்ந்துவிடும்போல் இருக்கிறது. வேலை அதேதான், நாள் முழுக்கச் சர்வர் அறையில் நிற்பது. எங்களோடு வேலை பார்க்கும் ஒருவர் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தார், அதனால் கால் தப்பித்தது.

கணினி விஷயம். ஸ்க்ரூ சொல்வது சரி. ரெடிமேடாகவே வாங்குங்கள். எங்களைப்போல நோண்டுகிறவர்களுக்குத்தான் அசெம்பிள் லாபம். எது எதோடு பொருந்தும் என்று பார்க்க வேண்டும். ஒரு பாகம் போனால் அந்தக் கடை, இன்னொரு பாகம் போனால் வேறு கடை என்று அலைய வேண்டும். ரெடிமேட் என்றால் முழுப் பெட்டிக்கும் ஒரே வாரண்டி. கோளாறு என்றால் ஒரு போன், ஆள் வீட்டுக்கே வருவார். அந்தப் பழைய போர்டில் புதுப் பாகங்கள் பாதி பொருந்தவும் பொருந்தாது.

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. போர்டில் காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது பலவீனமாகிவிட்டது. கரண்ட் போகும் நேரமெல்லாம் கடிகாரம் நின்றுவிடுகிறது. வைத்த செட்டிங்கை மறக்காத அளவுக்கு மட்டும் அதில் தெம்பு மிச்சமிருக்கிறது. நின்ற நேரத்துக்குத்தான் தாமதம், அவ்வளவுதான்.

வகுப்பை ஒத்துக்கொள்ளுங்கள் அத்தை. தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
கண்ணு


ஜூன் 27

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் ஸ்க்ரூ எழுதியதுபோல் இருந்தது. வாரண்டி, வாரண்டி என்று. காலுறை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

நான் ஒரு உதாரணம் சொல்கிறேன், கேள். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் உள்பக்கம் துணியை விட்டுத் தைப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். ரெடிமேட் சட்டையில் பிரிக்க என்ன இருக்கிறது? வளர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்குத் தூக்கிப் போடுகிற பொருள் வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய ரகளை. என் அக்கா, உன் வீட்டுக்காரனின் பெரியம்மா, ஒரு வாரம் தங்க வந்தாள். வந்த அன்றே, ராத்திரி படுக்கப் போகும்போது, ஆள் இல்லாத இடத்தில் எதற்குக் கரண்ட் என்று கணினியின் சுவிட்சைச் சுவரில் அணைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன். வரவில்லை. தெருவிளக்கு எரிந்தது, எதிர்வீட்டில் கேட்டைப் பூட்டினார்கள், அப்போதும் வரவில்லை. "வந்துட்டே இருக்கேன்மா, பத்து நிமிஷம்" என்று போனில் சொல்லிவிட்டு ரோட்டிலேயே போய்விட்டானே, அன்றைக்கு உட்கார்ந்திருந்தேனே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

விடிந்து சுவிட்சைக் கண்டுபிடித்தபோது அக்காவிடம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. அவள் சும்மா இருப்பாளா?

"ஏன்டி, செத்தவன் ஒயர் வழியாவா வருவான்? உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"ஆமா, பிடிச்சிருக்கு. உனக்கென்ன? நீ ஊரைப் பாத்துக் கிளம்பு."

"கிளம்பறேன்டி. நான் செத்தாலும் ஒரு மிஷின வாங்கி வச்சுக்கோ, பேசிட்டிருக்க வசதியா இருக்கும்."

மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முறுக்கிக்கொண்டு போனவள் இன்னும் போன் செய்யவில்லை.

நீ சொன்ன கணக்குச் சரிதான். இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் கடிகாரம் நின்றுபோனதில் நேரமெல்லாம் குழம்பிவிட்டது. இப்போது விடிவதற்கு முன்னால் வருகிறான். நான் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன். ஸ்க்ரூ பேட்டரி மாற்ற வந்தார். "மாத்திடலாம் டீச்சர், ஆனா வச்ச செட்டிங் எல்லாம் அழிஞ்சு போயிடும்" என்றார். கையை எடுங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், ஸ்க்ரூடிரைவரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவன் திரும்பி வந்தாலும் வருவான். நான் யாருக்கோ வகுத்தல் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

உனக்குத் தெரியாதது இல்லை. அவன் வைத்தது அழியாமல் அதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கும். அதை மட்டும் எழுது.

உன் அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

வழி இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மற்றதைப் படித்தபின் உங்களுக்கு என் கையெழுத்தையே பார்க்கப் பிடிக்காமல் போகலாம்.

கணினியை மூடிவையுங்கள், ஆனால் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டாம். ஒயர் சொருகியே இருக்கட்டும். அந்த நிலையிலேயே ஸ்க்ரூ பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கட்டும். உலோகம் எதிலும் படாமல் பிளாஸ்டிக் முனையால் எடுக்கச் சொல்லுங்கள். போர்டுக்குக் கரண்ட் வந்துகொண்டே இருப்பதால் எதுவும் அழியாது. பிறகு கடிகாரத்தைச் சரியாக வைத்தால் பழைய நேரத்துக்கே விழிக்கும்.

ஆனால் அத்தை, அதை அவர் வைக்கவில்லை. நான் வைத்தேன்.

நான் இந்த ஊருக்குக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் என் பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கூடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன், மெயில் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் போன பிறகு வந்த ஒவ்வொரு சாயங்காலமும் நீங்கள் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருப்பீர்கள். நான்தான் வந்து போடுவேன். போட்டதும் அடடா இருட்டிடுச்சா என்று எழுந்து அடுப்படிக்குப் போவீர்கள். நான் போய்விட்டால் யார் போடுவார்கள்? அந்த வீட்டில் தானாக எரிய வைக்க எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். ஒரு வெளிச்சம் வந்தால் எழுந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இங்கே வந்து இறங்கியதும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் போனில், "கண்ணு, அவன் வந்தான்டி" என்றீர்கள். அவர் போனதற்குப் பிறகு உங்கள் குரலில் அப்படி ஒரு தெளிவை நான் கேட்டதே இல்லை. "ம்" என்றேன். அன்றிலிருந்துதான் அந்த "ம்" எல்லாம்.

இதையும் எழுதிவிடுகிறேன். காலுறை வாங்கிக் கொடுத்தவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர். ஆனால் இங்கேயும் சாயங்காலம் ஆனால் எனக்குக் காது வாசல் பக்கமே போகிறது அத்தை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு நான் இங்கே எழுந்து போக முடியவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

கண்ணு


ஆகஸ்ட் 5

அத்தை,

பதில் இல்லை. போனை எடுப்பதும் இல்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். "அவ உசுரோடதான் இருக்கா, திமிரும் அப்படியே இருக்கு" என்றார். அந்தமட்டும் நிம்மதி.

பேட்டரியை மாற்றினீர்களா? வேறு எதுவும் எழுத வேண்டாம். மாற்றினேன், மாற்றவில்லை என்று ஒரு வரி போதும்.

கண்ணு


ஆகஸ்ட் 16

கண்ணு,

மாற்றினேன்.

நீ எழுதியபடியே, ஒயரைப் பிடுங்காமல், ஸ்க்ரூவைக் கெஞ்சிக் கூட்டிவந்து மாற்றினேன். உன் கடிதத்தை நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். என் பிள்ளையை இரண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போனவள் என்றெல்லாம் சொன்னேன். நல்லவேளை, கேட்க யாரும் இல்லை. பொய் சொல்கிறாய் என்றும் நினைத்துப் பார்த்தேன். அதனால்தான் அழிக்காமல் மாற்றினேன். சரியான நேரத்துக்கு வந்தால் அவன் நடை எனக்குத் தெரியாதா என்று ஒரு வீம்பு.

சாயங்காலம் வந்தது. பீப், காற்றாடி, நீல வெளிச்சம். நான் உட்காரவில்லை, தள்ளி நின்று பார்த்தேன். அடடா இருட்டிவிட்டதா என்று வாய் தானாகச் சொன்னது. கை கூடத்து விளக்கைப் போட்டுவிட்டது. போட்டபிறகு எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் அவன் பெயரைச் சொல்லி நான் வரவேற்று உட்கார வைத்தது உன்னை. உயிரோடு இருக்கிற பெண்ணை ஆவியாக்கி இந்தக் கூடத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். நீயும் அத்தனை தூரத்திலிருந்து தினமும் வந்து போயிருக்கிறாய்.

புதுக் கணினி வாங்கிவிட்டேன். ரெடிமேட்தான். ஸ்க்ரூவோடு உட்கார்ந்து அசெம்பிள் செய்வதற்கும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். அவர் என்ன சொன்னாலும் நான், இந்தப் பெட்டி இருக்கட்டும், இந்தக் காற்றாடி இருக்கட்டும், அந்தப் போர்டு இருக்கட்டும் என்றேன். "அப்ப எதத்தான் டீச்சர் மாத்தறது?" என்று கேட்டுவிட்டார் மனிதர். வகுப்பில் சில பிள்ளைகள் இப்படித்தான் கண்ணு. தப்பாகப் போட்ட கணக்கை அதே தாளில் அழித்து அழித்துப் போடும். தாள் கிழியும், பழைய எண்ணும் போகாது. வேறு தாள் எடுடா என்று அதட்டுவேன். எனக்கு அதட்ட ஆள் இல்லாததால் நானே எடுத்துக்கொண்டேன்.

பழையதன் ஒயரை என் கையாலேயே பிடுங்கினேன். தூக்கிப் போடவில்லை, அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. அலமாரிக்குள் இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் கூடம் சும்மா கிடந்தது. காற்றாடி ஓடாத வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் வந்ததும் எந்தச் சத்தமும் கேட்காமலே எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாளும் திறந்தேன். இன்றைக்கும் திறப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அது என் பாடு. அதை நிறுத்தச் சொல்லி நீ ஒரு செட்டிங்கும் தேட வேண்டாம்.

டியூஷன் சென்டர்காரர்கள் அந்த வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காலை வகுப்பில் நாலு வாண்டுகள் கிடைத்திருக்கின்றன. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் போகமாட்டேன் என்கின்றன. அக்காவுக்குப் போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை, பிறகு எடுத்து ஒரு மணி நேரம் வைக்கவில்லை.

கடைசியாக, அந்த மனிதர் விஷயம். என்னைக் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொன்னாயாம். கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் பிள்ளையின் பெண்டாட்டி நீ, எனக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்? எவ்வளவு யோசித்தாலும் அந்த ஒரு பதில்தான் வாயில் நிற்கிறது.

அதனால் என்னைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிடு. சொன்னபிறகு எழுது.

அத்தை