உங்கள் பழைய டிவியில் என் மகளின் திருமணம்

மச்சான்,

போன வாரம் உங்கள் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தனுப்பினார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கன்வெர்ட்டர், ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர். நீங்கள் இறந்த பிறகு வீட்டை ஒழித்தபோது டிவியைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். இது நான் வாங்கிவந்தது என்பதால் எனக்கே திரும்பிவிட்டது. உங்கள் வீட்டில் என்னுடையது எதுவும் மிஞ்சிவிடக் கூடாது என்பதில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள்.

விவாகரத்துக்குப் பிறகு தெப்ராவில் உங்கள் வீட்டுக்கு நான் வந்தது ஒரே ஒருமுறை. ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தீர்கள். உங்கள் தங்கை என் மனைவியாக இல்லாமல் போன பிறகும் நீங்கள் என்னைக் கூப்பிடும் முறை மட்டும் மாறவில்லை.

"மாப்ள, புதுசா இன்டர்நெட் பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். நம்ம பழைய டிவியில படமே வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன் லா."

அன்று மெல்பர்னில் என் மகளுக்குத் திருமணம் என்பதை நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அழைப்பு இல்லை. கல்யாணம் நிச்சயமான செய்தி பிறர் வழியாகக் காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான்; தேதி தெரியாது. ஸ்கூடாயிலிருந்து நான் கிளம்பி வந்தது பாசத்தால் அல்ல. எனக்குத் தெரியாத வேலை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காக.

வண்டி ஓட்டும்போது விவாகரத்துக்கு முன் சாஆ ஊர்த் தேவாலயத்தில், ஃபாதர் அறையில் நடந்த பேச்சுவார்த்தைதான் நினைவில் இருந்தது. நான் என் பக்கத்தை ஒழுங்காக எடுத்துச் சொல்லி முடித்ததும் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "இவரு பேசறது எல்லாம் சரியாத்தான் இருக்கும் ஃபாதர். அதுக்காக இவருகூட ஒருத்தி வாழ முடியுமா?" ஃபாதர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு என் பக்கம் முடிந்துபோனது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் நீங்கள் மட்டும் இருந்தீர்கள். மற்றவர்கள் வெளியூர் போயிருப்பதாகவும், முட்டி வலியால் நீங்கள் தங்கிவிட்டதாகவும் சொன்னீர்கள். நீங்கள் வாங்கி வைத்திருந்த கன்வெர்ட்டர் தவறானது. அது பழைய கருவியின் படத்தைப் புது டிவிக்கு அனுப்புவது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்த்திசை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எல்லோரும் ஏமாறுவார்கள். கடைக்குப் போய்ச் சரியானதை வாங்கிவந்தேன். டிவிக்குப் பின்னால் நான் ஒயரைச் செருக, நீங்கள் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தீர்கள். வெகுநேரம் கழித்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றீர்கள். கவனித்தேன். 

நேரலை ஒன்று பார்க்க வேண்டும் என்று நீங்கள் போனில் காட்டிய முகவரியைப் பாக்ஸில் போட்டேன். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை நம் ஊர் டிவிக்கான பக்கம் தள்ளினால் கலர் வந்துவிடும். தள்ளப் போன கை நின்றுவிட்டது. திரையில் ஒரு தேவாலயம். அதன் கீழே என் மகளின் பெயர்.

"தெரிஞ்சா வந்திருக்க மாட்டீங்க" என்றீர்கள்.

நான் கார் சாவியை எடுத்துவிட்டேன். கலர்கூடச் சரியாக வரவில்லை என்றேன், வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல்.

"பொண்ணு வெள்ளச் சேலதான் மாப்ள கட்டியிருக்கும். கலர் எதுக்கு? உக்காருங்க."

உட்கார்ந்தேன். இசை தொடங்கியது. வாசலில் அவள் வந்து நின்றாள், தனியாக. அவள் தாய் முன் வரிசையில் இருந்தாள். பெண்ணைக் கைபிடித்து அழைத்துவர யாரும் இல்லையா என்று உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னத்தான் கூட நடக்கச் சொல்லிக் கேட்டா. முட்டி வலின்னுட்டேன். அது உங்க எடம் மாப்ள. அதுல நான் போய் நடக்க முடியாது."

 திருப்பலி முடிந்ததும், நீங்கள் கலக்கிவைத்த காப்பியைக் குடிக்காமல் புறப்பட்டேன். அதன்பின் நாம் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் அடக்கத்தன்று தேவாலயத்துக்கு வந்தேன். உள்ளே வராமல் கார் நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நீங்கள் செய்ததை நன்மை என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொய் சொல்லி வரவழைத்தீர்கள். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், மறுக்கும் உரிமை எனக்கு இருந்தது. ஃபாதர் அறையில் பேசியதையும் நீங்கள் திரும்பப் பெறவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் என்னை விட்டுப் போவதாக இல்லை. அன்று அவள் பாதையின் நடுவில் நடந்து வரவில்லை. இடது ஓரமாக, பக்கத்தில் இன்னொருவர் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு, பீடம் வரை அப்படியே வந்தாள். கேமரா வைத்த கோணம், தரையில் கிடந்த பூ, ஒத்திகையில் உங்களுக்காக விட்டுப் பழகிய இடம் என்று எனக்கு நானே பல விளக்கங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன், மச்சான். ஒன்றும் நிற்கவில்லை.